அச்சுக்கூடமும் உப்பளமும்

இலங்கையின் முதல் தொழிற்சங்கம் எங்கே பிறந்தது என்று கேட்டால், பலரும் தேயிலைத் தோட்டத்தையோ கொழும்புத் துறைமுகத்தையோ சொல்வர். உண்மையில் அது அச்சுக்கூடத்தில் பிறந்தது. 1893 செப்டெம்பரில் கொழும்பில் கேவ் நிறுவனத்தின் அச்சுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். உரிய நாளில் சம்பளம் கிடைக்காததே காரணம். அச்சுத் தொழிலாளர் சங்கம் அதிலிருந்து எழுந்தது. ஊரார் எழுதியதையெல்லாம் ஈய எழுத்தில் கோத்தவர்கள், தங்கள் கணக்கைத் தாங்களே வாசிக்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

அச்சிலிருந்து அரசியலுக்கு வந்த தமிழர் என்றால் கோ. நடேசய்யரே முதலில் நினைவுக்கு வருகிறார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்தவர். 1924இல் 'தேசபக்தன்' நடத்தினார். 1925இல் சட்டநிரூபண சபைக்கும், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் சென்றார். துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தவர் என்பது பலரும் அறிந்த கதை. மனைவி மீனாட்சி அம்மாளோ தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி லயங்களிற் பாடினார்.

அதே காலத்தில், 1931இல், முதலாவது தொழில் அமைச்சராகப் பதவியேற்ற பெரி சுந்தரம் சட்டத்தரணி. தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் 1934இலும் தொழிற்சங்கச் சட்டம் 1935இலும் வந்தன. அவர் பங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சட்டம் வர்த்தமானியில் ஏறுவது ஒன்று, அது தொழிலாளியின் காதில் விழுவது வேறு. இரண்டாவது வேலைக்கு நடேசய்யர் போன்ற அச்சுக்காரர் தேவைப்பட்டார்.

அந்த இரண்டாவது வேலை புத்தளம் கரையோரத்தில் இன்னும் பாக்கியாகவே இருக்கிறது. பாலாவியிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாருவோரிடம் பேசிப் பாருங்கள். நான் பேசியவர்களில் பலர், நாட்கூலிக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது என்றே நம்பியிருந்தார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டமோ நாட்கூலி, துண்டுக்கூலி என்று யாரையும் விலக்கவில்லை. தொழில்தருநர் 12 வீதம், தொழிலாளி 8 வீதம் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாயாகவும் நாளொன்றுக்கு 1,080 ரூபாயாகவும் உயர்ந்ததும் அவர்களை எட்டவில்லை.

மழையால் விளைச்சல் கெட்டு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்யப்பட்டபோது நாடே உப்பைப் பற்றிப் பேசியது. உப்பு வாரியவருக்கு அந்த மாதங்களில் வேலை இருந்ததா என்று எத்தனை பத்திரிகைகள் கேட்டன? எங்கள் தொழிலையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொழில் திணைக்களத்திடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. மேற்சொன்ன வீதங்களையும், முறைப்பாடு செய்யும் வழியையும் ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும், பெரிய எழுத்தில் அச்சிட்டு, உப்புக் களஞ்சியங்களின் கதவுகளில் ஒட்டட்டும். அடுத்த உப்புப் பருவம் தொடங்குமுன்.