ஒன்றரைக் கட்டை இறக்கி…



கார்த்திகையில் என் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் திருக்கடையூரில் அபிராமி சந்நிதியில் மாலை மாற்றி, கலச நீர் ஊற்றி முடித்துக்கொண்டு மயிலாடுதுறை வீட்டுக்குத் திரும்பினோம். சாயங்காலம் மொட்டை மாடியில் கரோக்கி. பொறுப்பு, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுடையது. அவன் அன்றைக்குச் செய்த ஒரு காரியத்தைப் பற்றி உங்களிடம் சொல்லவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே அவன் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டிருக்கிறான். “பாடுவீங்களா?” என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நம் வீடுகளில் வருகிற பதில் ஒன்றுதான்: “ஐயோ, எனக்கெல்லாம் பாட வராதுப்பா.” அவன் கேட்டது, “சமைக்கிறப்போ உங்க வாயில என்ன பாட்டு வரும்?” என்று. வயதான என் பெரியம்மா யோசிக்காமல் ஒரு பி.சுசீலா பாட்டைச் சொல்லிவிட்டார். “ரெண்டு வரி பாடிக் காட்டுங்க பாட்டி” என்றதும் போனிலேயே பாடியும் விட்டார். அவன் மொபைலில் ஆர்மோனியக் கட்டைகளை அழுத்திப் பார்த்திருக்கிறான். இசைத்தட்டில் அந்தப் பாட்டு ஐந்தரைக் கட்டையில் இருக்கிறது. பெரியம்மாவின் குரல் சிரமமில்லாமல் நிற்பது நாலு கட்டையில். அன்று ராத்திரியே டிராக்கை ஒன்றரைக் கட்டை இறக்கிச் சேமித்துவிட்டான்.

வயதாக ஆகக் குரல் கீழே இறங்குவது இயற்கை. இருபது வயதில் அந்தப் பாட்டைக் கூடவே பாடிப் பழகியவருக்கு மனத்தில் இருப்பது பழைய சுருதி, தொண்டையில் இருப்பது புதியது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மேல் ஸ்தாயியில் குரல் உடையும்போது, ‘எனக்குப் பாட்டு போய்விட்டது’ என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பாட்டு எங்கும் போகவில்லை. கட்டை மாறியிருக்கிறது. கரோக்கி செயலிகளில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். ஒரு தட்டுக்கு அரைச் சுரம் ஏறும் அல்லது இறங்கும். மூன்று தட்டு இறக்கினால் ஐந்தரை நாலாகிவிடும். அந்தப் பொத்தானைத் தொடாமலேயே எத்தனை வீட்டு விசேஷங்கள் நடந்து முடிகின்றன!

இன்னொன்றும் செய்தான். கரோக்கித் திரைகளில் நம் பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன. பெரியம்மாவுக்கு அதைக் கூட்டி வாசிப்பதற்குள் வரி போய்விடும். அதனால் பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி எடுத்து வந்திருந்தான். பல்லவிக்கு ஒரு தாள், சரணத்துக்கு ஒரு தாள். எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே சிவப்பில் ஒரு சின்னக் கோடு.

கரோக்கி என்ற சொல்லுக்கு ஜப்பான் மொழியில் காலி ஆர்க்கெஸ்ட்ரா என்று பொருள். அது பிறந்த கதையைப் படித்தபோது என் அக்கா மகன்தான் நினைவுக்கு வந்தான். கோபே நகரத்து மதுக்கூடங்களில், வாடிக்கையாளர் பாட, கூடவே வாசிப்பது டைசுகே இனோவுவே என்பவரின் தொழில். ஒரு சிறிய நிறுவனத்தின் முதலாளி அவரை வெந்நீர் ஊற்றுக்கு ஒரு சுற்றுலாவுக்கு அழைத்தார். தன் விருந்தினர்கள் முன்னால் பாட அவருக்கு ஆசை. இனோவுவே வாசித்தால்தான் அவரால் பாட முடியும். இனோவுவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கும் அவர் பாடும் போக்குக்கும் ஏற்றபடி வாசித்து, ஒரு டேப்பில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அது நன்றாக வேலை செய்தது. 1971-இல் கார் ஸ்டீரியோ, மைக், ஆம்ப்ளிஃபயர், காசு போடும் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து 11 இயந்திரங்கள் செய்து கோபே மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். 100 யென் நாணயம் போட்டால் பாட்டு. காப்புரிமை அவர் வாங்கவே இல்லை.

அவருக்கும் முன்னால், 1967-இல், டோக்கியோவில் ஷிகெய்ச்சி நெகிஷி என்பவர் இப்படி ஓர் இயந்திரம் செய்திருந்தார். கார் ஸ்டீரியோ தயாரிக்கும் தொழில் அவருக்கு. ஒருநாள் பாடிக்கொண்டே வேலைக்கு வந்தவரை, கூட வேலை செய்தவர் ஒருவர் கிண்டல் செய்தாராம். பின்னால் இசை இருந்தால் என் பாட்டும் நன்றாக இருக்குமே என்று டேப் டெக்கில் மைக்கை இணைத்துப் பார்த்ததில் வந்தது அது. 2024 ஜனவரியில், தம் 100-வது வயதில் அவர் மறைந்தார்.

ஒருவர் சரியாகப் பாட வராதவருக்காக வாசித்துக் கொடுத்தவர். இன்னொருவர் கிண்டலுக்கு ஆளானவர். நல்ல பாடகர்களை மனத்தில் வைத்து உண்டானது இல்லை இந்தக் கருவி. விருந்தில் மைக்கைப் பிடித்து நடத்துகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மனத்தை உறுத்துகிற ஒரு சம்பவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் புத்தாண்டு விருந்து. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாடினார். காலையில் நடைப்பயிற்சியின்போது தினமும் அவர் முணுமுணுக்கிற பாட்டுதான். ஆனால் டிராக் அசல் சுருதியில் ஓடியது. டி.எம்.எஸ்ஸின் மேல் ஸ்தாயி எல்லாருக்கும் எட்டிவிடுமா? சரணத்தில் குரல் உடைந்தது. நிகழ்ச்சியை நடத்த வந்தவர், அடுத்த மைக்கில், அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே, ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். கூட்டம் சிரித்தது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு நடைப்பயிற்சியில் அவரிடமிருந்து பாட்டு வரவில்லை. அன்றைக்கு யாராவது எழுந்து போய் அந்தப் பொத்தானை நாலு தட்டு தட்டியிருக்கலாம். அது எனக்கும் அப்போது தெரியாது.

முன்பெல்லாம் ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும்போது, உள்ளூர்க்காரர் யாராவது ஆசைப்பட்டு மேடை ஏறினால், ஆர்மோனியக்காரர் அவர் காதருகே குனிந்து ஒரு சுரம் கொடுப்பார். பாடுகிறவர் தாளம் தவறி முன்னால் ஓடினால் தபலாக்காரரும் கூட ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார். சரணத்தை எடுக்க மறந்தால் இன்னொரு சுற்று வாசித்துக் காத்திருப்பார்கள். டிராக் காத்திருக்காது. அதற்குப் பாடுகிறவர் யார் என்றே தெரியாது. அந்தக் காத்திருப்பைச் செய்ய வேண்டியவர், பக்கத்தில் நிற்கிற மனிதர்தான்.

அக்கா மகன் அப்படித்தான் நின்றான். பெரியம்மாவுக்கு முன்னால், கொஞ்சம் இடதுபுறமாக, கையில் காலண்டர் தாளோடு. மைக் மட்டும் பெரியம்மாவிடம். அவனிடம் மைக் இல்லை. முன்னிசை முடியப் போகும்போது அவர் கண்ணைப் பார்த்து மூச்சை இழுத்தான். பெரியம்மாவும் இழுத்தார். பல்லவி சரியான இடத்தில் விழுந்தது. இடையிசை நீளமானது. அதற்குள் பெரியம்மாவின் பார்வை கூட்டத்தின் பக்கம் போய்விட்டது; சரணத்தின் முதல் வார்த்தையை விட்டுவிட்டார். அவன் சத்தமில்லாமல் அந்த வார்த்தையைப் பாடினான். மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கே உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பெரியம்மா இரண்டாவது வார்த்தையிலிருந்து பிடித்துக்கொண்டார். அங்கிருந்து கடைசிவரை அவர் தாளைப் பார்க்கவே இல்லை. இடது கை, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. அவர் சிறுவயதில் பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்தவர் என்பது எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் உதவும் என்று, அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில் சிலவற்றை எழுதிவிடுகிறேன். ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் இணைத்துப் பாட வைக்காதீர்கள். பாட்டு கேட்பதற்கு அது போதும். பாடும்போது சத்தம் ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதித்து வரும். அது போதும், நன்றாகப் பாடுகிறவருக்கும் தாளம் வழுக்கிவிடும். வயர்தான் நல்லது. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு நிற்கக் கூடாது. ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கர் வழியே பெரிதாகி வந்து, அப்படியே சுற்றிச் சுற்றித்தான் அந்தக் கீச்சுச் சத்தம் கிளம்புகிறது. பாடுகிறவருக்கு முன்னால் ஸ்பீக்கரை வைத்து, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காமல் நடுவில் பிடித்து, வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். எக்கோவை நிறைய வைத்தால் வார்த்தை கரைந்துவிடும்.

முதல் பாட்டை வீட்டிலேயே நன்றாகப் பாடுகிறவரிடம் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் எழுந்து வர மற்றவர்களுக்கு மனம் வராது. அக்கா மகன் முதலில் குழந்தைகள் நாலு பேரைச் சேர்த்துப் பாட வைத்தான். பாதி வரி தெரியாமல் அவர்கள் பாடி முடித்ததும் மாடியே இளகிவிட்டது. ஒரு சுற்று எல்லாருக்கும் முடிந்த பிறகுதான் யாருக்கும் இரண்டாவது பாட்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். டூயட்டில் மட்டும் கவனம் வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில்தான் பாட வேண்டியிருக்கும். ஒருவருக்காக இறக்கினால் மற்றவருக்கு அடித்தொண்டையில் போய் நிற்கும். அதற்கு இரண்டு பேரையும் முன்கூட்டியே ஒருமுறை பாடிப் பார்க்கச் சொல்வதைத் தவிர வழியில்லை.

‘கேளடி கண்மணி’ படத்தில் எஸ்.பி.பி. மூச்சுவிடாமல் பாடுவதாகப் புகழ்பெற்ற அந்தப் பாட்டை, 1990-இலிருந்து இன்றுவரை எந்த விருந்திலும் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. எங்கள் மாடியிலும் என் தம்பி முறையுள்ள ஒருவன் கேட்டான். “சரி மாமா, ஒரு சரணத்தோட நிறுத்திக்கலாம், மூச்சு வாங்கற இடத்துல நாங்க எல்லாரும் கைதட்டறோம்” என்று அக்கா மகன் சொல்லி, தம்பி திணறுகிற இடத்தில் மொத்த மாடியையும் கைதட்ட வைத்துவிட்டான். அடுத்த வரியைத் தம்பி நிமிர்ந்து நின்று எடுத்தான்.

இன்னும் ஒன்று, அக்கம்பக்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அதற்கு முன்பும்கூட, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். அண்ணி முந்தின நாளே இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லி, அவர்களையும் மாடிக்கே அழைத்துவிட்டார். ஒன்பதரைக்கு ஸ்பீக்கரை நிறுத்தினோம். அதற்குப் பிறகு பாயை விரித்துப் போட்டு, டிராக்கும் மைக்கும் இல்லாமல் பதினோரு மணி வரைக்கும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது பெரியம்மா அந்தக் காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா மகன் அந்த நாலு கட்டை டிராக்கை அவருடைய மொபைலுக்கு அனுப்பி, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து அவருக்குப் போன் செய்தேன். குக்கர் சத்தத்துக்கு நடுவே இடையிசை ஓடிக்கொண்டிருந்தது.

“இருடி, சரணம் வந்துடுச்சு. அப்பறம் பேசறேன்.”

அன்புடன்,
ஆசிரியர்