நடுவே பாயும் சிப்பாய்

நெட்டுக்குப்பத்தில், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, மாலை வேளைகளில் இரண்டொரு பையன்கள் மணலில் சதுரங்கப் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டபின் நாமும் அங்கே போய் எட்டிப் பார்ப்பதுண்டு. சென்ற வாரம் அவர்களில் ஒருவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஸார், இனிமேல் எனக்குக் கறுப்பே வேண்டாம். வெள்ளைக்காரன் நடுச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு வந்தால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை!" என்றான். வெள்ளைக் காய்களை வைத்து ஆடிய அவன் தம்பியைத்தான் 'வெள்ளைக்காரன்' என்றான் என்று தெரிந்துகொள்ள நமக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஆட்டத்தை மறுபடி வைத்துக் காட்டச் சொன்னோம். வெள்ளை, டி4, சி4, இ4 ஆகிய மூன்று கட்டங்களிலும் சிப்பாய்களை நிறுத்திவிட்டது. கறுப்பின் குதிரை எஃப்6-லும், பிஷப் ஜி7-லும், ஒரு சிப்பாய் டி6-லும் இருந்தன. ஐந்தாவது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் இ5-க்குப் பாய்ந்து குதிரையை மிரட்டியது. நம் பையன் பயந்துபோய்க் குதிரையைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி விட்டான். அங்கேதான் வந்தது வினை.

அவன் செய்திருக்க வேண்டியது என்ன? டி6 சிப்பாயால் இ5 சிப்பாயை வெட்டியிருக்க வேண்டும். வெள்ளை, டி4 சிப்பாயால் திருப்பி வெட்டும். இப்போது ராணிகளுக்கு இடையே வழி திறந்துவிட்டது. கறுப்பு ராணி வெள்ளை ராணியை வெட்டட்டும். ராஜா அதை வெட்டினால், குதிரை ஜி4-க்குத் தாவட்டும். எஃப்2-ல் இறங்கி ராஜாவையும் யானையையும் ஒருசேரப் பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம். இ5 சிப்பாய்க்கு ஆபத்து மறுபக்கம். ஒரே நகர்த்தலில் இரண்டையும் காக்க வெள்ளைக்கு வழியில்லை. ராஜாவுக்குப் பதில் குதிரையால் ராணியை வெட்டினாலும் இ5 சிப்பாய்க்கு எஃப்4 என்று முட்டுக் கொடுக்க வேண்டி வரும். உடனே கறுப்பு எஃப்6 என்று இடித்துக் கேட்கலாம்.

வெள்ளை முன்னதாகவே எஃப்4 ஆடி முட்டுக் கொடுத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்பொழுது ராஜாவைக் கோட்டைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, சி5 என்று பக்கவாட்டிலிருந்து தாக்குவதே உத்தமம். எப்படியானாலும், முன்னே வந்த சிப்பாய் வேரூன்றுமுன் அதைக் கேள்வி கேட்டுவிட வேண்டும்.

எதிரியை நடுவே வரவிட்டுப் பிறகு தாக்கும் இந்த முறைக்கு உலகம் 'இந்தியன் டிபென்ஸ்' என்று பெயரிட்டிருப்பது காரணமில்லாமல் அல்ல. 1848-ல் வங்காளத்து நாட்டுப்புறத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த மகேஷ்சந்திர பானர்ஜி, ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டருடன் எத்தனையோ ஆட்டங்கள் ஆடினார். நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டந்தான் நகரும். அதில் பழகியவருக்கு, பிஷப்பை ஓரத்தில் வைத்து நடுவைக் குறிபார்ப்பது கைவந்த கலையாயிருந்ததில் வியப்பில்லை. 1855 மே மாதத்தில் ஓர் ஆட்டத்தில் அவர் மூன்றாவது நகர்த்தலில் டி5 என்றும், எட்டாவதில் சி5 என்றும் காக்ரேனின் நடுவை இடித்தார். 1922-ல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்ட் கையாண்டபின், அந்த ஆரம்பம் கிரன்ஃபெல்டின் பெயராலேயே வழங்குகிறது!

அந்த ஆட்டத்தில் ஜயித்தவர் காக்ரேன்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. பதினெட்டாவது நகர்த்தலில் மகேஷ்சந்திரர் எதிரியின் ராணியை மிரட்டக் குதிரையை அனுப்பினார். தம் ராஜாவுக்கு வந்த ஆபத்தைக் கவனிக்கவில்லை. வெள்ளை ராணியைப் பலி கொடுத்து மூன்றே நகர்த்தலில் முடிக்கும் நிலை வந்துவிட்டது. தோற்றது ஆரம்பமல்ல, ஒரு கணத்து அஜாக்கிரதை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன், "அப்படியானால் கறுப்பை வைத்துப் பெரிய ஆட்டம் யாராவது ஜயித்திருக்கிறார்களா, ஸார்?" என்றான். 2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவதும் கடைசியுமான ஆட்டத்தில், நம் சென்னையின் குகேஷ் டிங் லிரெனைத் தோற்கடித்துப் பதினெட்டாம் வயதில் பட்டம் பெற்றார். அன்று அவர் ஆடியது கறுப்புக் காய்களைக் கொண்டுதான் என்று சொன்னோம்.

பையன் ஒன்றும் பேசவில்லை. பலகையைத் திருப்பி வைத்துக் கறுப்புக் காய்களை அடுக்கத் தொடங்கினான்.