ஒரு ராத்திரி ரூம் வாடகையும் வியட்நாம் கடற்கரையும்

வியட்நாம் போறேன்னு வாயைத் திறந்தாலே போதும், உடனே ஒரு அட்வைஸ் வந்து விழும். "ஸ்லீப்பர் பஸ்ல ஏறிடு மச்சி. ராத்திரி ஏறினா காலைல அடுத்த ஊர். ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்." சொல்லாத ஆள் கிடையாது. நான் இதுக்கு நேர் எதிர்க்கட்சி. கடற்கரை ஊர்களைத் தனியா, கம்மி காசுல சுத்தணும்னா பகல் பஸ்லதான் போகணும். ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் கும்முங்க :-)

முதல்ல கணக்கு. பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும்?

டா நாங்கிலிருந்து நா ட்ராங் 500 கிலோமீட்டருக்கு மேல். ஸ்லீப்பர்ல பத்து, பதினோரு மணி நேரம். நான் போனப்ப டிக்கெட் மூன்றரை லட்சம் டாங். லட்சம்னதும் பயப்படாதீங்க, ஒரு லட்சம் டாங் நம்ம காசுக்குச் சுமார் 330 ரூபாய்தான். அந்த ஊர்கள்ல ஹாஸ்டல் படுக்கை ஒண்ணு ஒன்றரை லட்சம் டாங், அதாவது 500 ரூபாய். ஆக, ராத்திரி பஸ்ஸில் மிச்சம் பிடிக்கிறது அந்த 500 ரூபாய்.

சரி, அதுக்கு என்ன விலை கொடுக்கிறோம்? வண்டி விடிகாலை நாலரை, அஞ்சு மணிக்கு இறக்கி விட்டுடும். ஹாஸ்டல்ல ரூம் கிடைக்கிறது மதியம். அதுவரைக்கும் பையைத் தூக்கிக்கிட்டு, கண் எரிய எரிய ஒரு காபிக் கடையிலிருந்து இன்னொரு காபிக் கடைக்கு அலையணும். ரூம் கிடைச்சதும் படுத்தா எழுந்திருக்கிறது சாயங்காலம். 500 ரூபாய்க்கு ஒரு ராத்திரித் தூக்கமும் மறுநாள் பகலும் போச்சு. எங்க ஆபீஸ்ல இந்த லீவை வாங்க எத்தனை ஆணி புடுங்க வேண்டியிருந்துச்சுன்னு யோசிச்சா, இது லாபமாத் தெரியலை.

ஸ்லீப்பர்ல நல்லாத் தூங்கலாமேன்னு கேப்பீங்க. ஏறும்போதே செருப்பைக் கழட்டி பிளாஸ்டிக் பையில போட்டுக்கணும் (இது எனக்குப் பிடிச்ச விஷயம், நம்ம ஊருக்கும் வரணும்). உள்ளே மூணு வரிசை, ரெண்டு அடுக்கு. ஆறடி ஆள் காலை நீட்ட முடியாது. மேல் படுக்கைன்னா வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடிச்சுக்கணும். இப்போ தனித் தடுப்பு, திரைச்சீலை எல்லாம் வெச்சு சொகுசு வண்டிகள் வந்திருக்கு. அதுக்குக் காசும் கூட, அப்போ மிச்சம் எங்கே?

இதெல்லாம் சும்மா சொகுசுக் கணக்கு. அடுத்தது அப்படியில்லை. வியட்நாம் சட்டப்படி ஒரு டிரைவர் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேலயோ, ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேலயோ ஓட்டக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி நேரம்னு இன்னொரு வரம்பும் வந்திருக்கு. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா நீங்க மேல் படுக்கையில் திரைச்சீலைக்குப் பின்னாடி கிடக்கும்போது முன்னாடி யார் ஓட்டுறாங்க, எப்போ மாத்தினாங்க, அவர் தூங்கினாரா எதுவும் தெரியாது. 2025 ஜூலையில் ஹனோயிலிருந்து டா நாங் போன ஒரு ஸ்லீப்பர் பஸ் ஹா டின் பகுதியில் நள்ளிரவு தாண்டிக் கவிழ்ந்து பலர் இறந்து போனாங்க. பகல் பஸ்ஸில் விபத்தே வராதுன்னு சொல்லலை. டிரைவர் கொட்டாவி விட்டா கண்ணால பார்க்கலாம், அடுத்த ஊர்ல இறங்கிக்கலாம். தனியாப் போறவனுக்கு அந்த உரிமை பெருசு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் எங்கே இறங்குவீங்க?

இப்போ கடலுக்கு வருவோம். கடற்கரை பார்க்கத்தானே போறீங்க? டா நாங்கிலிருந்து தெற்கே ஃபான் தியெட் வரைக்கும் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். இதை ரெண்டு ராத்திரியில் முடிச்சா ரெண்டு ஊர் பார்த்த மாதிரி. நான் சொல்ற மாதிரி வெட்டினா: டா நாங், குவாங் ங்காய், குயி நோன், துய் ஹோவா, நா ட்ராங், ஃபான் ராங், ஃபான் தியெட். ஒவ்வொரு தாவலும் 100லிருந்து 180 கிலோமீட்டருக்குள்ள. காலைல டிபனை முடிச்சிட்டு ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊர்.

குயி நோனுக்கும் துய் ஹோவாவுக்கும் நடுவில் சோங் காவ்னு ஒரு ஊர். சாலையை ஒட்டியே ஸுவான் தாய் வளைகுடா. தண்ணி மேல வரிசை வரிசையா மிதக்கிற கூண்டுகள், எல்லாம் சிங்கி இறால் வளர்க்கிறது. துய் ஹோவாவில் ஊருக்கு நடுவே குன்று மேல ஒரு சம்பா கோபுரம். வெளிநாட்டுக்காரன் தலையே அதிகம் தெரியாது, ஏன்னா ஸ்லீப்பர் பஸ் அந்த ஊரைத் தாண்டும்போது அத்தனை பேரும் தூக்கத்துல இருக்காங்க. நா ட்ராங்குக்குத் தெற்கே ஃபான் ராங் போனா திடீர்னு ராமநாதபுரம் மாதிரி இருக்கும். வியட்நாமிலேயே மழை ரொம்பக் கம்மியான பகுதி அது. உப்பளம், ஆடு, முள்ளுச்செடி, நடுவில் திராட்சைத் தோட்டம். அங்கே போ க்ளோங் கராய் கோபுரத்தில் முகம் வடிச்ச லிங்கம் இருக்கு, சாம் மக்கள் இன்னமும் கும்பிடுறாங்க. (உடனே 'சிவன் மதுரையிலிருந்துதான் போனார்'னு பதிவு போட்டுடாதீங்கய்யா. சம்பா கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும்தான் இருக்கு.)

இதுல இன்னொரு கூத்து. கா நாவுக்குப் பக்கத்தில் பழைய ஒண்ணாம் நம்பர் நெடுஞ்சாலை கடலை உரசிக்கிட்டே போகும். நா ட்ராங், ஃபான் தியெட் நடுவே 2023லயும் 2024லயும் விரைவுச்சாலைகள் திறந்தப்புறம் வேக வண்டிகள் எல்லாம் உள்நாட்டுப் பக்கம் ஏறிடுச்சு. ஊர் ஊரா நின்னு ஆள் ஏத்துற வண்டிதான் பழைய சாலையில போகுது. அதாவது, கம்மிக் காசு டிக்கெட்டுக்குத்தான் கடல் தெரியும்! இதைவிட நியாயமான ஏற்பாடு எந்த நாட்டுல இருக்கு?

உள்ளூர் வண்டின்னா தேன் ஒழுகும்னு சொல்ல வரலை. மீன் ஐஸ் பெட்டி, கோழிக்கூடை, சில நேரம் பைக்கே உள்ளே வரும். நெடுஞ்சாலையில் கை காட்டி ஏறினா வெள்ளைக்காரன், நம்மாளுன்னு பார்க்காம ரெட்டிப்புக் கட்டணம் கேப்பாங்க. என்கிட்டயும் ஒரு கண்டக்டர் கேட்டார். பக்கத்து சீட்டுப் பாட்டி தன் டிக்கெட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரா நீட்டினதும் பிரச்சினை முடிஞ்சுது. பாட்டி எல்லா வண்டியிலும் இருக்க மாட்டாங்க. அதனால 'பென் ஸே'ன்னு போர்டு போட்ட பஸ் ஸ்டாண்டுக்கே போய் கவுண்ட்டர்ல டிக்கெட் வாங்குங்க. ஊர் பேரை வியட்நாமிய எழுத்தில் காட்டுங்க, நம்ம உச்சரிப்பு அவங்களுக்குப் புரியவே புரியாது. காலைலயே கிளம்புங்க, மதியத்துக்கு மேல வண்டி குறையும்.

நியாயமா ஒண்ணை ஒத்துக்கணும். டா நாங்கிலிருந்து வடக்கே ஹுவே போறதுக்கு என் வாதம் செல்லாது. 2005ல ஹை வான் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து வழக்கமான பஸ்கள் பெரும்பாலும் கணவாய் மேல ஏறுறதில்லை, ஆறு கிலோமீட்டர் இருட்டுதான். அங்கே மட்டும் பகல் ரயில்ல போங்க, தண்டவாளம் கடலோரமாவே போகுது.

"பத்து நாள்தான் லீவு, பகல்ல போனா ஹனோய் டூ சைகான் எப்படி முடிக்கிறது?" முடிக்காதீங்க! அதுதான் நான் சொல்ல வர்றதே. பாதிக் கடற்கரையை மட்டும் எடுத்துக்கோங்க. நாலு ராத்திரி கூடத் தங்கினா 2000 ரூபாய் கூட ஆகும், உண்மைதான். அதுக்குப் பதிலா ரெண்டு ஊரை லிஸ்ட்ல அடிச்சுட்டா போச்சு. கம்மி காசுல பயணம்ங்கிறது கம்மி காசுல நிறைய ஊரைத் தாண்டுறது இல்லை. இருக்கிற காசுக்கு முழுசாப் பார்க்கிறது. தூங்கிக்கிட்டே கடந்த ஊரை 'போயிருக்கேன்'னு கணக்குல எழுதுறது கள்ளக் கணக்கு.

டிஸ்கி: ஸ்லீப்பர் பஸ்ல குறட்டை விட்டுத் தூங்கற பாக்கியவான்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. பக்கத்துப் படுக்கைக்காரன் சாபம் மட்டும் பொருந்தும்.