ஒரு கோல்கீப்பரின் மறைபொருள்

கால்பந்தாட்டத்தில் மற்றப் பதின்மர் செய்யும் பிழை பெரும்பாலும் மறக்கப்படும். கோல்கீப்பர் செய்யும் பிழையோ பலகையில் எண்ணாக ஏறிவிடும். அப்பணியை ஏற்ற ஜெர்மானிய வீரர் ராபர்ட் எங்கேயின் வாழ்வை இம்மாதம் நினைவுகூர விரும்புகிறோம்.

1977-இல் யேனா நகரிற் பிறந்த எங்கே, லிஸ்பனில் மூன்றாண்டுகள் நற்பெயருடன் ஆடி, 2002-இல் பார்சிலோனா சென்றார். அங்கே நோவெல்டா என்னும் சிறிய அணியிடம் 3–2 என்று தோற்றபோது, சக வீரரே பத்திரிகையாளர் முன்னிலையில் அவரைக் குறை கூறினார். 2003-இல் இஸ்தான்புல் சென்றார். முதற் பந்தயத்திலேயே தோல்வி. சொந்த ரசிகர்களே அவர்மீது பொருள்களை வீசினர். மொழி அறியாத ஊரில் ஒருவனைத் தனிமை எப்படி வாட்டும் என்பதை வாசக அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எங்கே ஒப்பந்தத்தைத் துறந்து வெளியேறினார். மனச்சோர்வு நோய் அவரைப் பற்றியிருந்தது.

கொலோன் நகர மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை பெற்று எழுந்தார். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம். 2004-இல் ஹனோவர் அணியிற் சேர்ந்தார். பின்னர் அதன் தலைவரும் ஆனார். நாட்டுக்காக எட்டுப் பந்தயங்கள் ஆடினார். இதயக் குறையோடு பிறந்த மகள் லாரா 2006-இல் இரண்டே வயதில் இறந்தாள். அத்துயரையும் தாங்கி அவர் ஆடினார்.

2009 மே மாதம் அவரும் மனைவி தெரேசாவும் ஒரு பெண் மகவைத் தத்தெடுத்தனர். அவ்வாண்டே நோய் திரும்பியது. செய்தி வெளியானால் குழந்தையை அதிகாரிகள் மீட்டுக்கொள்வர் என்று அஞ்சினார். மருத்துவமனையிற் சேர்வதையும் தவிர்த்தார். பத்திரிகைகள் குடற் கிருமியைப் பற்றி எழுதின. உள்ளத்து நோயை வெளியார் எவரும் அறியார். நவம்பர் 10 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 32. மறுநாள் தெரேசா அம்மையார் உலகின் முன் அமர்ந்து உண்மை முழுவதையும் உரைத்தார். ஹனோவர் மைதானத்தில் ஏறக்குறைய 40,000 பேர் திரண்டு விடைகொடுத்தனர். அத்தனை அன்பும் இருந்ததை அவர் அறியாமலே போனார். 2010-இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட அறக்கட்டளை, மனச்சோர்வுக்கும் குழந்தைகளின் இதய நோய்க்கும் உதவி வருகிறது.

நம் வீடுகளிலோ வரன் தட்டிப்போகும், வேலை போய்விடும், ஊரார் பேசுவர் என்று மறைக்கிறோம். 2022 முதல் நம் அரசு நடத்தும் டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.