இருபத்தைந்து வயதானால் கார் நல்லதாகிவிடுமா?

டல்லாஸுக்குப் பக்கத்தில் ஒரு கோயில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பார்க்கிங்கில் சின்னதாக ஒரு கூட்டம். நடுவில் ஒரு குட்டி வெள்ளை டிரக். ஸ்டியரிங் வலது பக்கம். ஜப்பானில் 'கேய்' என்று சொல்லும் வகை. 660 சிசி எஞ்சின், 3.3 மீட்டர் நீளம். பக்கத்தில் நின்ற அமெரிக்க பிக்கப்புக்குக் குட்டி போட்ட மாதிரி இருந்தது.

வண்டி என் ஆபீஸ் தம்பியுடையது. "97 மாடல்ண்ணா. ஜப்பான் ஏலத்துல எடுத்தேன். இருபத்தஞ்சு வருஷம் தாண்டிடுச்சுல்ல, எல்லாம் லீகல்."

"சரி, இதே கம்பெனியோட 2020 மாடலைக் கொண்டுவந்தா?"

"துறைமுகத்துலயே பிடிச்சிடுவாங்க. திருப்பி அனுப்பணும், இல்லன்னா நசுக்கிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

விதி இதுதான். அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்பச் செய்யப்படாத காரை இங்கே சாலையில் ஓட்டுவதற்காக இறக்குமதி செய்ய முடியாது. செய்த தேதியிலிருந்து 25 வருடம் ஆகிவிட்டால் அந்தத் தரங்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. 1999 ஜனவரியில் வெளியான நிஸான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர், 2023 டிசம்பரில் கள்ளச் சரக்கு. 2024 ஜனவரியில் கனவு வண்டி. அந்த ஒரு மாதத்தில் அதற்கு என்ன ஆனது? பிரேக் கூர்மையானதா? துரு உதிர்ந்ததா? பிறந்தநாள் வந்தது, அவ்வளவுதான்.

மறுபக்கம், ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய புத்தம்புது காரை ஒருவர் கொண்டுவர ஆசைப்பட்டால்? அதே மாடல் அமெரிக்காவில் விற்கப்படாவிட்டால், பதிவு பெற்ற இறக்குமதியாளர் ஒருவர் மூலம் அது எல்லாத் தரத்துக்கும் ஈடுகொடுக்கும் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க என்றால், வண்டிகளை வாங்கி சுவரில் மோதிக் காட்ட வேண்டும். எந்த மாதச் சம்பளக்காரனால் முடியும்?

ஆக, பாதுகாப்பின் பெயரால் இருக்கும் சட்டம், ஏர்பேக் இல்லாத பழைய வண்டிக்குக் கதவைத் திறந்து, பாதுகாப்பான புது வண்டிக்குக் கதவைச் சாத்துகிறது. நமக்கு இது புதிய அனுபவம் இல்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும்: நீ யார், என்ன செய்தாய் என்பதற்கு முன்னால் எங்கே பிறந்தாய் என்று பார்ப்பார்கள்.

இது எப்படி வந்தது? 1965-இல் ரால்ப் நேடர் கார் கம்பெனிகளைக் கிழித்து ஒரு புத்தகம் எழுதினார். 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கோளாறு பின்னால் வந்தது. 1980-களில் டாலர் ஏறியபோது ஜெர்மனியில் மெர்சிடிஸும் பிஎம்டபிள்யூவும் மலிவாகக் கிடைத்தன. ஆட்கள் நேராக அங்கேயே வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். வருடத்துக்குப் பல்லாயிரம் கார். இங்கிருந்த டீலர்களுக்கும் கம்பெனிகளின் அமெரிக்கக் கிளைகளுக்கும் வயிறு எரிந்தது. வாஷிங்டனில் போய் நின்றார்கள். 1988-இல் சட்டம் இறுகியது. அரைகுறையாக மாற்றியமைத்த வண்டிகளும் அப்போது வந்தன என்பது உண்மைதான். அதற்கு மருந்து ஒழுங்கான பரிசோதனை. ஆனால் வந்தது பூட்டு. கூடவே பழைய வண்டிக்கு மட்டும் ஒரு சாவி.

பணக்காரர்களுக்குத் தனிச் சாவியும் உண்டு. பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959 பல வருடம் சுங்கத்தில் முடங்கிக் கிடந்தது. 1999-இல் 'காட்சிக்காக' என்று ஒரு விதிவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வரலாற்று முக்கியத்துவமோ தொழில்நுட்பப் புதுமையோ உள்ள அபூர்வ கார் என்றால் கொண்டுவரலாம், வருடத்துக்கு 2,500 மைல் ஓட்டலாம். 2,500 மைலுக்குள் விபத்து நடக்காது போலிருக்கிறது.

இதுவரை சொன்னதற்கு ஆபீஸ் தம்பி கைதட்டுவான். இனிமேல் சொல்வதற்குக் கோபப்படுவான்.

"அதான்ண்ணா, இந்த ரூலையே தூக்கிடணும். என் காசு, என் வண்டி, என் ரிஸ்க்." கார் பிரியர்கள் பலரின் வாதம் இதுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் மாமா ஞாபகம்.

மாமா தென்காசிப் பக்கம் வாடகை வேன் ஓட்டினார். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த ஒரே வேன்தான். எஞ்சின் சீட்டுக்கு அடியில். முன்னால் ஒரு தகரம், தகரத்துக்குப் பின்னால் மாமாவின் முழங்கால். 2006-இல் எதிரே வந்த லாரியில் உரசி மோதியது. பெரிய வேகம் ஒன்றுமில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். வலது கால் போய்விட்டது. வேன் ஓட்டியவர் பிறகு டீக்கடை வாசலில் லாட்ஜுக்கு ஆள் பிடித்துவிட்டுக் கமிஷன் வாங்கினார். அன்றைய சட்டப்படி அந்த வேனில் ஒரு குறையும் இல்லை. முன் மோதல், பக்க மோதல் சோதனைகள் இந்தியாவில் புது மாடல்களுக்குக் கட்டாயமானதே 2017 அக்டோபரில்தான். மாமாவும் யாரிடமும் "என் ரிஸ்க்" என்று சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த வண்டி அது.

தரம் என்றால் என்னவென்று பார்க்க 2016-இல் நடந்த ஒரு சோதனை போதும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆய்வகத்தில் இரண்டு நிஸான் கார்களை நேருக்கு நேர் மோதவிட்டார்கள். ஒன்று மெக்சிகோவில் விற்ற மலிவான ட்சுரு. இன்னொன்று அமெரிக்காவில் விற்ற வெர்ஸா. இரண்டும் மெக்சிகோவில் செய்தவைதான். வெர்ஸாவின் ஓட்டுநர் பொம்மை பிழைத்தது. ஏர்பேக் இல்லாத ட்சுருவில் இருந்த பொம்மை மனிதனாக இருந்திருந்தால் செத்திருக்கும். ஒரே கம்பெனி, ஒரே நாட்டுத் தொழிலாளிகள். நடுவில் இருந்த வித்தியாசம் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம். அதைத்தான் தூக்கிப் போடச் சொல்கிறான் தம்பி.

அமெரிக்கத் தரமே முழுமையானது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் காரின் முகப்பு, மோதப்படும் பாதசாரியின் தலைக்கும் காலுக்கும் ஓரளவு இடம் கொடுக்க வேண்டும் என்று 2005-லிருந்தே விதி இருக்கிறது. இங்கே உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் பெரும்பாலும் கவலை. 2022-இல் மட்டும் இந்த நாட்டில் 7,500-க்கும் மேற்பட்ட பாதசாரிகள் இறந்தார்கள். ஒரு குழந்தையின் தலையை மறைக்கிற உயரத்துக்கு பானெட் வைத்த பிக்கப்புக்கு எந்த மாநிலமும் நம்பர் பிளேட் மறுப்பதில்லை. கேய் டிரக்குக்குத்தான் சில மாநிலங்கள் மறுத்தன. சின்ன வண்டி அதில் இருப்பவனுக்கு ஆபத்து. பெரிய வண்டி அடுத்தவனுக்கு ஆபத்து. சட்டத்தின் கண்ணுக்கு முதல் ஆபத்து மட்டும்தான் தெரிகிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வண்டி எந்த வருடம் பிறந்தது, எந்த ஊரில் பிறந்தது என்று கேட்காதீர்கள். மோதினால் உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஐரோப்பாவோ ஜப்பானோ ஒழுங்காகச் சோதித்த காரின் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். குறைகிற இடத்தை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். பழைய வண்டிக்குப் பழம்பொருள் என்று சலுகை கொடுப்பதானால், பழம்பொருள் என்றே கொடுங்கள். பிரேக்கையும் பெல்ட்டையும் துருவையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

அன்றைக்குத் தம்பி, "வாங்கண்ணா, ஒரு ரவுண்டு போலாம்" என்று கூப்பிட்டான். ஏறி உட்கார்ந்தேன். அழகான வண்டி, பொய் சொல்ல மாட்டேன். முழங்காலுக்கு முன்னால் ஒரு சாண் இடம், அதற்கப்புறம் தகரம். பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

"தம்பி, ஹைவே வேண்டாம்," என்றேன். "பார்க்கிங்குக்குள்ளயே சுத்து."