மீன் சாவது ராசியால் அல்ல... அவசரத்தால்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் நேராகப் போவது கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குத்தான். தொட்டி, ஃபில்டர், கூழாங்கல், பத்து மீன் என எல்லாம் ஒரே நாளில் வீடு வந்துவிடும். தண்ணீரும் பளிச்சென்று இருக்கும். ஆனால், சில நாட்களிலேயே மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். 'நமக்கு மீன் ராசி இல்லப்பா' என்று தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

உண்மையில் என்ன நடக்கிறது?

மீனின் கழிவும் மிச்சமாகும் தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாகச் சேர்கின்றன. இது கண்ணுக்குத் தெரியாத விஷம். ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் ஆபத்துதான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அடுத்த வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இதுதான் நைட்ரஜன் சுழற்சி. 1890-களிலேயே ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்த பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், புதுத் தொட்டியில் இவை போதுமான அளவுக்குப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். காரத்தன்மை கூடிய தண்ணீரிலும் வெயில் காலத்திலும் அம்மோனியாவின் வீரியம் இன்னும் ஏறும்.

நாம் செய்யும் தவறுகள்

தண்ணீர் கலங்கினால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறோம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ராத்திரியில் ஃபில்டரை ஆஃப் செய்தாலும் அவை ஆக்சிஜன் இல்லாமல் சாகும்.

என்ன செய்யலாம்?

மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கொஞ்சம் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியமாகி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். பிறகு இரண்டு, மூன்று மீன்களாகச் சேருங்கள். வாரம் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கி கலப்பது அவசியம். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

கடைக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 'தொட்டியை இன்னைக்கு எடுத்துட்டுப் போங்க, மீனுக்கு அடுத்த மாசம் வாங்க' என்று சொல்வதால் அன்றைய வியாபாரம் கொஞ்சம் குறையலாம். ஆனால், மீன் பிழைத்தால்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார். கடைக்காரர் சொல்லாவிட்டால், வாங்குகிறவர் கேட்க வேண்டும். மீன் கேட்காது.