கம்ப்யூட்டருக்கு ஆவுளியாவைத் தெரியுமா?

ராமநாதபுரத்துக்கு வடக்கே, தேவிபட்டினம் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. நவபாஷாணம் என்பது பெயர். நவக்கிரகங்களாக எண்ணி மக்கள் வணங்குகிறார்கள். ஒன்பதும் கல்தான். ஆனால், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. தனி இடம் உண்டு.

இந்த எளிய கணக்கைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் "பொருள்நோக்கு நிரலாக்கம்" என்று படிக்கிறார்கள். பெயர் பல்லை உடைக்கிறது. விஷயம் அப்படி அல்ல.

நிரல் என்றால், கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். ரேஷன் அட்டையை நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் படிவம். பெயர், ஊர், எத்தனை பேர் என்ற கட்டங்கள். எழுதப்படுவது மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. படிவத்துக்குப் பாடப் புத்தகம் தந்துள்ள பெயர் "இனக்குழு". எழுதி முடித்த அட்டை ஒவ்வொன்றும் ஒரு "பொருள்". ரேஷன் அட்டை பேசாது. கம்ப்யூட்டரில் உள்ள பொருளோ, சொன்ன வேலையைச் செய்யும். வேறுபாடு அவ்வளவுதான்.

உயிரிலிருந்து வந்த எண்ணம்

இந்த முறையைத் தொடங்கி வைத்தவர்கள் நார்வே நாட்டு அறிஞர்கள் இருவர். ஒருவர் ஓலே யோஹான் டால். மற்றவர் கிறிஸ்டன் நைகார்ட். அவர்கள் 1967-ல் "சிமுலா 67" என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் ஆலன் கே என்பவர் அதை மேலும் வளர்த்தார். "ஆப்ஜெக்ட்" என்ற சொல்லை இந்த முறைக்குப் பரப்பியவர் அவரே.

இங்கேதான் வியப்பு! ஆலன் கே கல்லூரியில் கணிதத்தோடு உயிரியலும் படித்தவர். நம் உடம்பில் கோடானுகோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் உள் விவகாரத்தைச் சுவர் போட்டு மறைத்துக் கொள்கிறது. மற்றச் செல்களுக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. கம்ப்யூட்டரும் இப்படி வேலை செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். 

ஆக, உயிரியல்காரர்களுக்கு இந்தப் பாடம் அந்நியம் அல்ல. தாய் வீட்டுச் சீதனம்! ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? பாங்குக் கணக்கு, ஊழியர் சம்பளம், வட்டத்தின் பரப்பளவு. விலங்கியல் படிக்கும் பெண்ணுக்கு இதில் என்ன ருசி இருக்கும்? "நமக்கு இது ஆகாது" என்று அவள் ஒதுங்கி விடுகிறாள். தவறு அவளுடையது அல்ல. பயிற்சிக் கணக்கினுடையது.

கடலே பாடப் புத்தகம்

இதோ ஒரு கணக்கு. "மீன்" என்று ஒரு இனக்குழு எழுதுங்கள். செவுளால் மூச்சு விடும் என்று அதில் சொல்லுங்கள். பிறகு சுறா, சாளை, ஆவுளியா ஆகிய மூன்றையும் அதன் பிள்ளைகளாகச் சேருங்கள். தாயிடம் உள்ளது பிள்ளைக்கும் வரும். அதற்கு மரபுரிமம் என்று பெயர்.

நிரல் பிழையில்லாமல் ஓடும். ஆனால், ஆவுளியா செவுளால் மூச்சு விடும்! ஆவுளியா என்னும் கடல் பசு மீனே அல்ல. கடல் புல்லை மேய்ந்து, நீர் மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கி, குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி. அதற்காகவே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-ல் பாதுகாப்பகமாக அறிவித்தது. கம்ப்யூட்டர் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்காது. கடல் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது கடல் குதிரை. "குஞ்சு சுமப்பது பெண்" என்று எழுதினால் போச்சு. இதில் பெண் முட்டையை ஆணின் பைக்குள் விட்டுவிடும். சுமப்பதும் பெறுவதும் அப்பா!

கொடுவா மீன் இன்னும் வேடிக்கை. ஆணாக வளர்ந்து, சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறும். களவா இதற்கு நேர்மாறு. முதலில் பெண், பிறகு ஆண். "ஆண் கொடுவா", "பெண் கொடுவா" என்று இரண்டு இனக்குழு எழுதிய மாணவன் திணறிப் போவான். மீன் மாறும்போதெல்லாம் பழைய அட்டையைக் கிழித்துப் புது அட்டை போட வேண்டும். அந்த மீனின் பழைய கதை முழுவதும் போய்விடும். ஆண், பெண் என்பதை அட்டையில் ஒரு கட்டமாக வைத்தால் போதும். மாறும்போது திருத்திக் கொள்ளலாம். எது மாறாதது, எது மாறக்கூடியது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் கடினமான பகுதி. பெரிய கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களே இதில் சறுக்குகிறார்கள். கொடுவா ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்து விடுகிறது.

விளையாட்டு அல்ல

இதெல்லாம் வெறும் வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போயிற்று. மண்டபத்தில் இன்றும் அதன் மையம் இருக்கிறது. கரைக்கு வரும் எல்லாப் படகையும் எண்ண முடியுமா? சில துறைகள், சில நாட்கள், சில படகுகள் என்று தேர்ந்து எண்ணி, அதைக் கொண்டு மொத்த மீன்பாட்டை மதிப்பிடுகிறார்கள்.

எண்ணிய கணக்கு கம்ப்யூட்டருக்குள் போகிறது. அங்கே கட்டம் சரியாக இல்லாவிட்டால்? "நண்டு" என்று ஒரே கட்டம் போட்டால், சினை நண்டும் மற்ற நண்டும் ஒன்றாகிவிடும். முட்டையோடு எத்தனை நண்டு பிடிபட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு வலையில் நண்டு குறைந்தால், காரணம் தேட ஏட்டில் ஒன்றும் இருக்காது. நண்டு வலை கட்டும் வீட்டில் பிறந்த பெண், அந்தக் கட்டத்தை ஒருநாளும் மறக்க மாட்டாள். அவள் நிரல் எழுதக் கற்றிருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

"இப்போது நிரலை இயந்திரமே எழுதித் தருகிறதே?" என்று சிலர் கேட்கிறார்கள். தரட்டும். அது எழுதித் தந்த ஆவுளியா செவுளால் மூச்சு விடுகிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டாமா?

செலவு அதிகம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கம்ப்யூட்டர் அறிவியலில் ஏற்கெனவே பைத்தான் மொழி இருக்கிறது. அது இலவசமாகக் கிடைப்பது. கம்ப்யூட்டர் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் இரண்டு மாலை நேரம் சேர்ந்து உட்கார்ந்தால், இருபது பயிற்சிகள் எழுதிவிடலாம். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அங்குள்ள பேராசிரியர்கள் அவற்றைப் பார்த்துத் திருத்தித் தரலாம். வரும் கல்வியாண்டிலேயே ராமநாதபுரம் கரையோரப் பள்ளிகள், கல்லூரிகளில் தொடங்க வேண்டும்.

முதல் பயிற்சியை நாமே தருகிறோம். விசைப்படகு, பாய் மரப் படகு என இரண்டு இனக்குழு எழுதுக. இரண்டுக்கும் "கடலுக்குப் போ" என்று ஒரே கட்டளை கொடுக்க வேண்டும். தேதி, மே 1. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். எது கிளம்பும், எது துறையிலேயே நிற்கும்?

விடை தேவிபட்டினத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதை நிரலாக எழுதச் சொல்லுங்கள்.